சாஹா

வியாழன் இரவுகளில் சீட்டுகள் என்னிடம்தான் வரும்.
பென்சில் துண்டால் எழுதிய பெயர், பாட்டு எண்.
மைக்கைத் துடைத்துக் கொடுப்பதும்
சுருதியை இரண்டு படி இறக்குவதும் என் வேலை.
பின்லாந்தின் வடக்கே, ஆறு கடலில் சேரும் இந்த ஊரில்
யார் குரல் எந்த வரியில் உடையும் என்று
டாக்டரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இங்கே பாட்டுக்குப் பட்டா உண்டு.
யாரும் எழுதிவைத்ததில்லை.
தபால்கார ஹில்க்காவின் பாட்டை மற்றவர் தொடமாட்டார்கள்.
பனி வாரும் வண்டி ஓட்டும் கௌகோவுக்கு இரண்டு:
ஒன்று நிதானத்தில் இருக்கும்போது, மற்றது பிறகு.
நானூற்றுப் பன்னிரண்டு அர்வோவுடையது.

எழுபத்தெட்டின் கோடையில் வந்த பாட்டு அது.
ஏரிக்கரை நடன மேடையில், கொசுக்கடிக்கு நடுவில்,
பதினாறு வயதில் நான் அதற்கு ஆடினேன்,
தப்பான பையனோடு.
அவன் அண்ணனைத்தான் நினைத்திருந்தேன்.

பல்லவியின் கடைசி வரி:
இலையுதிரும் நாளில் மழை திரும்பி வரும்.
எங்கள் மொழியில் மழைக்கு சாதே.
அர்வோ பாடுவது சாஹா.
மர ஆலை.
இலையுதிரும் நாளில் மர ஆலை திரும்பி வரும்.
முதல் தடவை நாக்குக் குழறியதா,
ஆலையைப் பூட்டிய வருடத்துக் குசும்பா?
கேட்டால் மூக்கைச் சொறிவார்.
முதல் வாரம் யாரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேருக்கு அப்போது வேலை இல்லை.
மூன்றாம் வாரம் சிரித்தோம்.
குளிர் முடிவதற்குள் கூடவே பாடினோம்.
அப்புறம் அதுதான் வரி.

போன பிப்ரவரியில், உறைந்த கடல்மேல் துளையிட்டு
தூண்டில் போட்டு உட்கார்ந்தபடியே போய்விட்டார்.
வாளியில் நான்கு மீன் இருந்தன.
சிர்க்கா அவற்றை வறுத்தாள். வேறென்ன செய்ய, என்றாள்.
அடக்கத்தன்று தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார்கள்,
அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத வாத்தியம்.
பட்டியலில் 412 இருக்கத்தான் செய்தது.
விரல்கள் மட்டும் அதைத் தாண்டின,
வழுக்கும் படியைத் தாண்டுகிற மாதிரி.

நேற்று ஒரு லாரிக்காரர் வந்தார். எஸ்தோனியர், ரைவோ என்று பெயர்.
பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள்.
இரண்டு கிண்ணம் சால்மன் சூப் குடித்துவிட்டுச்
சீட்டை நீட்டினார். 412.
மெஷின் பழுது என்று சொல்லியிருக்கலாம் நான்.
சொல்லவில்லை.
ஊருக்குப் புதியவரிடம் எங்கிருந்து ஆரம்பிக்க?

முன்னிசை வந்ததும்
அம்பெறிந்து விளையாடியவர்கள் அம்பும் கையுமாக நின்றார்கள்.
சிர்க்கா காகிதக் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
ரைவோ நன்றாகப் பாடினார். அதுதான் கஷ்டம்.
அர்வோ ஒருநாளும் எட்டாத உச்சியை
மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிப் பிடித்தார்.
பல்லவி.
திரையில் எழுத்து மஞ்சளில் நனைகிறது: சாதே.
அவர் வாய் திறக்குமுன்
கூடம் முழுக்க, சாஹா.
அரைத் தாளம் பிந்தி சிர்க்காவின் குரல்,
இன்னும் மடிப்பைப் பார்த்தபடி.

ரைவோ திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
தன் பின்னிஷ்தான் போதவில்லை என்று நினைத்திருப்பார்.
அடுத்த பல்லவியில், பாவம்,
அவரும் ஆலை என்றே பாடினார்.

வீட்டுக்கு வந்து பழைய இசைத்தட்டைப் போட்டேன்.
அந்தப் பெண் மழை என்கிறாள்.
தப்பு, என்றது என் வாய்.
பதினாறு வயதில் மழை என்றுதான் கேட்டிருப்பேன்.
ஆலை அன்று இரவும் பகலும் ஓடியது,
சங்குச் சத்தம் ஏரிவரை வரும்.
இருந்தும் எப்படி நினைத்துப் பார்த்தாலும்
அந்தத் தப்பான பையன்
கொசுவை விரட்டிக்கொண்டே என் காதில் பாடுகிறான்,
ஆலை திரும்பி வரும் என்று.
ஓடிக்கொண்டிருந்த ஆலை
எங்கிருந்து திரும்பி வரும்?